பதினைந்தாவது கல்

எங்கள் பேராலயத்தின் தரை சாய்வானது.
துடைக்கிறவளுக்குத்தான் அது தெரியும்.
பீடத்தடியில் ஊற்றிய வாளித் தண்ணீர்
யாரும் சொல்லாமலே மேற்கு வாசலுக்கு நடக்கும்.
தூண்கள் வெளிப்பக்கம் சரிந்து நிற்கின்றன,
பேருந்தில் நின்றபடி தூங்குகிறவர்கள் மாதிரி.

நகரம் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.
ஒரு மருந்துக்கடை, மீன் வறுவல்,
கூரையில்லாத ஆயர் மாளிகையில் குடியிருக்கும் காக்கைகள்.
கடல்வழி வருகிறவன் கண்ணில் படாதிருக்கக்
கோயிலைப் பள்ளத்தில் ஒளித்து வைத்தார்களாம்.
பட்டது.
பல தடவை பட்டது.

ஜனவரிப் புயல் கடற்கரை மணல்மேட்டை
ரொட்டி கடிப்பதுபோல் கடித்துவிட்டுப் போனது.
உள்ளே ஆட்கள் இருந்தார்கள்,
ஆயிரத்து முந்நூறு வருஷமாக,
கிழக்கே பார்த்தபடி.

ஹெலெத் கூடாரங்களோடு வந்தாள்.
என் வேலை ஒன்பது மணிக்கே முடிந்துவிடும் என்பதால்
சல்லடை பிடிக்கப் போனேன்.
பக்கத்தில் அலைச்சறுக்குப் பழகும் பிள்ளைகள்
கறுப்பு ரப்பர் உடையில் கடல்நாய்க் குட்டிகளாய்ப் புரண்டார்கள்.
வண்டி நிறுத்தத்தில் சீட்டுக் கிழிக்கும் எம்ரிஸ்
தினமும் அதே நகைச்சுவையோடு வருவான்:
"உள்ளே படுத்திருக்கிறவங்க
எத்தனை வருஷ வாடகை பாக்கி தெரியுமா?"

அந்தக் கற்பதுக்கை என் முழங்கை நீளம்தான்.
பக்கத்துக்கொன்றாய் நாலு பலகைக்கல், மூடி ஒன்று.
மூடியின் மேல் வெண்பரல்கள்,
யாரோ குனிந்து குனிந்து பொறுக்கி வந்தவை.
ஹெலெத் உரக்க எண்ணினாள்.
இத்தெல் எழுதினான்.
பதினான்கு.

எம்ரிஸ் அன்று மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.
தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான்.

மறுநாள் மழை. எல்லோரும் கூடாரத்துக்கு ஓடும்போது
என் சல்லடையில் இன்னொன்று கிடந்தது.
அதே வெள்ளை. அதே கை பொறுக்கியது.
திருட நினைத்து எடுக்கவில்லை.
கொடுக்க நினைத்தும் எடுக்கவில்லை.
கோயில் சாவி இருக்கும் பையில் போட்டேன்,
அவ்வளவுதான்.

குழியை மூடினார்கள். அலை தொடாதிருக்கக் கற்களை அடுக்கினார்கள்.
எலும்புகள் எண்ணிட்ட பெட்டிகளில் கார்டிஃப் போயின.
மூன்றாம் வருஷம் நகர மன்றத்தில் ஓர் உரை.
வெளியூர்க்காரர், நல்ல குரல், நல்ல சப்பாத்து.
பதினான்கு என்பது ஏழின் இரட்டை என்றார்.
ஏழு விண்ணகம், ஏழு மண்ணகம் என்றார்.
நிலவு வளர்ந்து நிறையும் நாள் கணக்கு என்றார்.
மூன்றாம் வரிசையில் நான்,
பைக்குள் கை.
எல்லோரும் கை தட்டினார்கள்.
எனக்கு ஒரு கைதான் மிச்சமிருந்தது.

இன்று விடியலில் அதைப் பீடத்தருகே வைத்துத் தட்டிவிட்டேன்.
தண்ணீர்போல் அதுவும் போய்விடும் என்றொரு நப்பாசை.
இரண்டு சாண் உருண்டது. நின்றது.
உருண்டைக் கல்லில்லை அது,
ஒரு பக்கம் தட்டை,
கட்டைவிரலுக்கென்றே செய்ததுபோல்.

ஹெலெத்தைக் கூப்பிட்டேன்.
நெடுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.
திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
"எந்தத் தேதி?" என்றாள்.
"எத்தனையாவது வாளி மண்?
குழிக்கு வடக்கா, தெற்கா?"
சொல்லச் சொல்ல
அந்தப் பக்கம் பென்சில் ஓடும் சத்தம்.

"எடை?"

தராசு இல்லை.
இடக்கையில் கல், வலக்கையில் சாவி.
தரையில் துடைப்பத் தண்ணீர்
என்னைச் சுற்றிக்கொண்டு மேற்கே போனது.

சாவியைவிடக் கொஞ்சம் குறைவு
என்றேன்.